நாற்பது இடங்களில் நின்றவன்

ஆர்டன்ஹில் தோட்டம், கீழ்ப்பிரிவு,
மஸ்கெலியா.
2026 பெப்ரவரி 19

கிளைவ்,

நம் தோட்டத்தில் சிக்னல் இருக்கிறது என்று பொய் எழுதிக் கொடுத்தவன் நீ. ராக்காயி அத்தை செத்தது அதனால்தான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போன் பேச நான் மாதா சொரூபம் இருக்கும் கெபிக்குப் பின்னால், சிக்னல் வரும் இடமாகப் பார்த்து ஏறி நிற்க வேண்டும். அங்கே நின்று உன்னோடு பேசினால் இங்கே சிக்னல் இருக்கிறது என்று நானும் சாட்சி சொன்னதாகிவிடும். அதனால்தான் கடிதம். பாலத்தடி வீதியை இன்னும் கட்டி முடிக்கவில்லை, தபால் எப்போது உனக்கு வந்து சேருமோ தெரியாது. பரவாயில்லை, அத்தை இனி காத்திருக்கப் போவதில்லை.

அத்தை போனதை அப்பா உனக்குச் சொல்லியிருப்பார். எப்படிப் போனார் என்று சொல்லியிருக்க மாட்டார். போன வாரம் வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. ஏழாம் நம்பர் மலையில் பதினொரு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் கிளை ஒடிந்து குளவிக்கூடு கலைந்துவிட்டது. மற்றவர்கள் கூடையை உதறிவிட்டு ஓடினார்கள். அத்தைக்கு நெற்றியில் இருந்த கூடைக் கயிறு கொண்டையில் சிக்கிக்கொண்டது. அதைக் கழற்ற நின்றார். அவ்வளவுதான்.

பதினொரு பேரில் எட்டுப் பேரிடம் போன் இருந்தது. ஒன்றிலும் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. அவர்களில் ஷிராணி, போனை மலையிலேயே போட்டுவிட்டு, முகம் வீங்கிய நிலையில், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்காம்பராவுக்கு ஓடி வந்து சொன்னாள். நான் கெபிக்கு ஏறி அம்புலன்சுக்கு அழைத்தபோது மணி பதினொன்று பத்து. அழைத்த பிறகு அவர்கள் வேகமாகத்தான் வந்தார்கள். நாற்பது நிமிடம் அழைக்கவே முடியாமல் போனதுதான் கணக்கு. ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டது ஒரே கேள்வி: "ஏன் இவ்வளவு நேரம்?"

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், நம் லயத்து வரிசையில் இருக்கும் ஜீவராஜும் நானும் ஹட்டனில் உள்ள போன் கம்பனி வட்டார அலுவலகத்துக்குப் போனோம். டவர் கேட்கத்தான் போனோம். அங்கே இருந்த அதிகாரி கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அதில் இருந்த சிக்னல் படத்தில் நம் பிரிவு முழுதும் பச்சை. "உங்களுக்கு நல்ல சிக்னல் இருக்கே, மிஸ்" என்றார். கீழே அளவெடுத்தவர் பெயர் இருந்தது. ஏ. கிளைவ். "உங்க ஊர்ப் பொடியன்தானே?" என்று வேறு கேட்டார்.

ஜீவராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நம் அம்மா சவூதியில் இருந்த நான்கு வருஷமும் உனக்கு ரொட்டி சுட்டுப் போட்டவர் அத்தை. அவர் விழுந்த மலைக்கு எத்தனை கோடு என்று எழுதினாய் சொல்.

ஐவி

*

தெமட்டகொடை,
கொழும்பு.
2026 மார்ச் 1

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நான்கு தடவை வாசித்தேன். வேலைக்குப் போகும் வேனில் வாசித்து, அழுகையை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தை செத்ததற்கு அழ எனக்கும் உரிமை இருக்கிறது. அதை நீ எடுத்துவிடாதே.

நான் பொய் எழுதவில்லை. ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. மாற்றவும் முடியாது. கருவி அளப்பது நேராக இங்கே கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். போன செப்டெம்பரில் நாற்பது இடங்களில் நின்றேன், நாற்பது இடத்திலும் சிக்னல் இருந்தது. அதுதான் உண்மை. ஏழாம் மலையில் ஏன் இல்லை என்று எனக்கும் விளங்கவில்லை.

டவர் கேட்டுப் போனதாக எழுதியிருந்தாய். இங்கே நடப்பதைச் சொல்கிறேன். கொழும்பில் இப்போது 5ஜி என்ற ஐந்தாம் தலைமுறைக்கு ஓடிக்கொண்டிருக்கிறார்கள். டவர் கருவிகளைச் செய்யும் கம்பனிகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ஒன்றை ஒரு நாடு தடை செய்யும், இன்னொன்று ஆட்களைக் குறைக்கும், மற்றது கடனுக்குத் தருகிறேன் வா என்று கூப்பிடும். போன் கம்பனி பழைய சப்ளையரை விட்டுப் புதியவரிடம் போகிறது. கொழும்பு டவர்களில் இருக்கும் பழைய பெட்டிகளைக் கழற்றுகிறோம். டொலர் கொடுத்து வாங்கியவை, குப்பையில் போட மாட்டார்கள். அவற்றைத்தான் மலைநாட்டுக்கு அனுப்புகிறார்கள். பதினேழு இடங்களுக்கு. சிக்னல் இல்லாத இடங்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஏப்ரல் முப்பதாம் திகதி அது மூடுகிறது. நம் பிரிவு பச்சை என்பதால் அதில் இல்லை.

புதிய சப்ளையர் எங்கள் ஒப்பந்தக் கம்பனியிலிருந்து ஆறு பேரை ஜூனில் நிரந்தரமாக எடுக்கப் போகிறார். என் பெயரும் பேச்சில் இருக்கிறது. இதை அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அத்தை இல்லாமல் தனியாக நிற்கும் வீரய்யா மாமாவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீயே ஏதாவது சொல்.

கிளைவ்

*

ஆர்டன்ஹில்
2026 மார்ச் 10

கிளைவ்,

கொழும்பு கழற்றிப் போடுவதற்குத்தான் நாங்கள் வரிசையில் நிற்கிறோம் என்று சொல்கிறாய். அந்த வரிசையிலும் இடமில்லை என்கிறாய். நல்லது.

நீ பொய் எழுதவில்லை என்பதை நம்புகிறேன். அதற்காகச் சந்தோஷப்படாதே. உன் கடிதம் வந்த நாளிலிருந்து செப்டெம்பரில் நீ வந்த அந்த நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு இடமாக எண்ணினேன்.

நீ கழுத்தில் கம்பனி அட்டையைத் தொங்கவிட்டு இரண்டு போனும் ஒரு கருவியும் வைத்துக்கொண்டு வந்தாய். அப்பா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. கிறிஸ்மஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு உனக்கு முன்னால் நடந்தார். ஞாபகம் இருக்கிறதா?

"இங்க நில்லுப்பா. இங்கதான் நல்லா புடிக்கும். கொஞ்சம் கெழக்கால திரும்பு."

"அந்தோனிமுத்தண்ணே, மடுவத்து வாசலுக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்க வீடியோவே ஓடும்!" இது வீரய்யா மாமா.

"அதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? இங்கன பொறந்தவன்யா." இது அப்பா.

ராக்காயி அத்தையும் சொன்னார். தண்ணித்தொட்டி மேல ஏறி நின்னா நாலு கோடு வரும், நம்ம தோட்டத்துக்கு நல்ல மார்க் வாங்கிக் குடுத்துட்டுப் போடா என்றார். எல்லாரும் சிரித்தோம். மழை தூறியது. தண்ணீர்த்தொட்டியில் உனக்குக் குடை பிடித்தது நான்.

அதுதான் நடந்தது. பத்து வருஷமாக நாங்கள் தேடித் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்த இடங்கள், கெபிப் படி, தொட்டி மேல், கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசல், யூக்கலிப்டஸ் மரத்தடி, எல்லாவற்றிலும் உன்னைக் கொண்டுபோய் நிறுத்தினோம். நாங்கள் அதைப் பரீட்சை என்று நினைத்தோம். மார்க் அதிகம் எடுத்தால் டவர் தருவார்கள் என்று நினைத்தோம். கேவலமாகக் காட்டினால் இந்தத் தோட்டம் லாயக்கில்லை என்று விட்டுவிடுவார்கள் என்று பயந்தோம். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா வரும்போது லயத்துக் காம்பராவைக் கூட்டி வைப்பது மாதிரி.

எங்களுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? அந்த வேலையைப் படித்தவன் நீதானே?

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பிறகு நீ கேட்காமல் இருக்க. ஷிராணி ஓடி வந்து சொன்னபோது நான் உடனே கிளம்பவில்லை. பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். விட்டுப் போனால் வேலை போகும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். அது ஒரு நிமிடமா ஐந்து நிமிடமா என்று எனக்குத் தெரியாது. அந்த நாற்பது நிமிடத்தில் என் பங்கு அது.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அளவு தப்பு என்று எழுதிக் கொடு. மறுபடி அளக்கச் சொல். லயத்துக்குள்ளே, மலைக்குள்ளே அளக்கச் சொல். ஏப்ரல் முப்பதுக்கு இன்னும் ஏழு கிழமை இருக்கிறது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. "எம் மவன் அளந்த எடம்" என்று இன்னும் கெபிப் படியைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐவி

*

தெமட்டகொடை
2026 மார்ச் 22

அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே ஒபிசில் பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன்.

நின்று அளக்க கம்ப்யூட்டர் எங்களுக்கு நாற்பது புள்ளிகள் தரும். லயத்து முற்றம், மலை நடு, ஆற்றோரம் என்று கண்டபடி விழும். புதருக்குள்ளோ பள்ளத்திலோ விழுந்தால் அரைக் கிலோமீற்றருக்குள் தள்ளி நிற்கலாம் என்று விதி இருக்கிறது. வேறு இடங்களில் நாற்பதில் நான்கோ ஐந்தோ தள்ளுவேன். நம் தோட்டத்தில் முப்பத்திரண்டைத் தள்ளியிருக்கிறேன். ஏழாம் மலைப் புள்ளியை மடுவத்து வாசலுக்குத் தள்ளியிருக்கிறேன். "அணுக முடியாத இடம்" என்று காரணம் எழுதியிருக்கிறேன். அத்தை இருபது வருஷம் கொழுந்து பறித்த இடத்தை.

சத்தியமாக, அக்கா, நான் யோசித்துச் செய்யவில்லை. அந்த மண்ணில் கையில் போனோடு நடந்தால் என் கால் தானாக அங்கேதான் போகும். பதினைந்து வயதிலிருந்து அப்படித்தான் நடந்தேன். அப்பா காட்டாவிட்டாலும் போயிருப்பேன். கண்டியிலிருந்து நம் ஊர் தெரியாத ஒரு பெரேரா வந்திருந்தால் மழைக்குப் பயந்து லயத்து வாசலிலேயே நின்று பூச்சியம் எழுதிவிட்டுப் போயிருப்பான். நமக்கு டவர் கிடைத்திருக்கும்.

போன மாதம் ஒரு ஹோட்டலில் கூட்டம் வைத்தார்கள். புதிய சப்ளையருடைய ஆள் பேசினார். நல்ல கோட்டு, நல்ல பேச்சு. 2030க்குள் இந்த நாட்டில் இத்தனை வீதம் ஐந்தாம் தலைமுறை, அதற்குப் பிறகு ஆறாம் தலைமுறை, டொக்டர் கொழும்பில் இருந்தபடி பதுளையில் ஒப்பரேஷன் செய்வார் என்றார். திரையில் இலங்கைப் படம். மலைநாட்டில் சிவப்புப் புள்ளிகள் நிறைய. மஸ்கெலியா பக்கம் ஒரு சின்னப் பச்சைத் துண்டு தெரிந்தது. நம் தோட்டம். பக்கத்தில் இருந்தவனிடம் "அது எங்க ஊர்" என்று காட்டினேன். எல்லாரும் கை தட்டும்போது நானும் தட்டினேன். அத்தை அப்போது செத்து நான்கு நாள்.

நீ கேட்டபடி எழுதிக் கொடுத்தால் நடப்பது இது: அளவு செல்லாது என்று பதிவாகும். நான் அளந்த மற்ற தோட்டங்களையும் சந்தேகப்படுவார்கள். புதிய சப்ளையர் அப்படி ஒரு பதிவு உள்ளவனை எடுக்க மாட்டார். பழைய சப்ளையரின் வேலை ஜூனோடு முடிகிறது. அதாவது ஜூலையில் நான் மறுபடி ஆர்டன்ஹில்லில்.

வேறு வழி இருக்கிறது. நீங்கள் எல்லாரும் கையெழுத்து வைத்து ஒரு மனு கொடுங்கள். சாவைப் பற்றி எழுதுங்கள். மக்கள் முறைப்பாடு வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. என் பெயர் வராமலே முடிந்துவிடும். எப்படி எழுத வேண்டும் என்று தனித்தாளில் வைத்திருக்கிறேன். அதைப் பார்த்து அப்படியே எழுது.

கிளைவ்

*

ஆர்டன்ஹில்
2026 ஏப்ரல் 2

கிளைவ்,

நீ எழுதித் தந்தபடியே எழுதினோம். இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. ஜீவராஜ் ஒவ்வொரு காம்பராவாகப் போனான். சிலர் வைக்கவில்லை. "தொரைக்குத் தெரிஞ்சா என்னா சொல்லுவாரோ" என்றார்கள். வீரய்யா மாமா முதல் கையெழுத்து. பேனாவை வாங்கிக்கொண்டார். "இதப் போட்டா அவ வந்துருவாளா?" என்று கேட்டார். போட்டார்.

ஹட்டன் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். நேற்று கம்பனியின் பதில் வந்தது. அரைப் பக்கம். மூன்று மொழியிலும் முத்திரை. "2025 செப்டெம்பரில் மேற்கொள்ளப்பட்ட அளவீட்டின்படி உங்கள் பகுதியில் சேவை திருப்திகரமாக உள்ளது. எனவே மீள அளவிட வேண்டிய தேவை எழவில்லை." கூடவே உன் படம். பச்சை. கீழே உன் பெயர்.

உன் வழி உன் கையெழுத்திலேயே வந்து முடிந்தது.

அந்தப் படத்தைப் பார்த்து மாமா என்னிடம் கேட்டார், "ஏம்மா, நம்ம கிளைவு பேரு மாதிரி இருக்கே?" எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டார். நான் வேறு கிளைவ் என்று சொன்னேன். உனக்காக நான் சொன்ன முதல் பொய் இது. இன்னொன்று சொல்ல மாட்டேன்.

நாளை பெரிய வெள்ளி. நீ ஈஸ்டருக்கு வருவதில்லை என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பினாயாம். கெபிக்கு ஏறி நின்று வாசித்துவிட்டு வந்தார். "புள்ளைக்கு வேல அதிகம்" என்றார். உனக்கு வேலை அதிகமில்லை. மாமா முகத்தைப் பார்க்கப் பயம்.

மனு வேலைக்கு ஆகாது என்று இப்போது உனக்கும் தெரியும். உன் அளவை நீதான் திருத்தலாம். எப்போது?

ஐவி

*

தெமட்டகொடை
2026 ஏப்ரல் 9

அக்கா,

நேர்முகம் மே பன்னிரண்டாம் திகதி. அது முடியட்டும். அதற்குப் பிறகு எழுதிக் கொடுக்கிறேன். இந்தப் பட்டியல் போனாலும் அடுத்த வருஷம் இன்னொன்று வரும் என்கிறார்கள்.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். நீ கேட்பதற்கு முன் நான் ஒன்று கேட்கிறேன். என்னை அங்கே நிறுத்தியது யார்? அப்பா. மாமா. அத்தை. குடை பிடித்தவள் நீ. அன்றைக்கு லயமே கூடி நின்று சிரித்தது. இப்போது தூக்கில் தொங்க நான் மட்டுமா? படித்து அந்த லயத்திலிருந்து வெளியே வந்தவன் நான் ஒருவன். அவனையும் பிடித்து உள்ளே இழுத்துவிட்டால் உங்களுக்கு ஆறுதலா?

அப்பாவிடமும் போய்ச் சொல். அவர்தான் முன்னால் நடந்தார். சொல்ல உனக்குத் தைரியம் இருந்தால் சொல்.

கிளைவ்

*

ஆர்டன்ஹில்
2026 ஏப்ரல் 20

கிளைவ்,

சொன்னேன்.

கோபத்தில் சொல்லவில்லை. நீ எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். உன் நாற்பது புள்ளியும் மடுவத்து வாசலும் எல்லாம். அப்பா சுவரில் சாய்ந்து கேட்டார். முடிந்ததும், "அப்ப நாந்தான் அவன அங்க நிறுத்துனேன்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த நாள் காலை அப்பா மாமாவின் காம்பராவுக்குப் போனார். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது மாமாவும் கூட வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக முதல் பஸ்ஸில் ஹட்டன் போனார்கள். நான் லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன்.

அதே அலுவலகம், அதே அதிகாரி. அப்பா ஒரு தாள் கொண்டுபோயிருந்தார், ஜீவராஜைக் கொண்டு எழுத வைத்தது. "அளக்க வந்த பையனை நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தியது நான். தப்பு என்னுடையது. ஆ. அந்தோனிமுத்து." தப்பு என்னுடையது என்பதைச் சிங்களத்திலும் சொல்லிப் பார்த்தார். "மஹத்தயா, மகே வெரத்த."

அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். தாளை வாசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஐயா, நீங்க என்ன இன்ஜினியரா? நீங்க எழுதிக் குடுத்து இத மாத்த ஏலாது. அளந்தவர் சொல்லணும். அவர் சொன்னா ஒரு நாள் வேலை. இங்கேயே மாத்திடலாம்."

"அவன் எம் மவன்தான் சார்."

"அப்ப லேசாப் போச்சு. போன் பண்ணிச் சொல்லுங்களேன்."

அப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாமா அவர் கையைப் பிடித்து எழுப்பினார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றோம். அங்கே சிக்னல் முழுதாக இருந்தது. அப்பா உனக்கு அடித்தார். மணி போனது. நீ எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். மூன்றாம் தடவை நீ வெட்டிவிட்டாய். அப்பாவுக்கு அது புரியவில்லை. "லைன் கட்டாயிருச்சு" என்றார். மாமாவுக்குப் புரிந்தது. எனக்கும்.

மாமா அப்போது ஒன்று சொன்னார். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன். "அவன் வந்து காலுல விழ வேணாம் ஐவி. எனக்கு அது வேணாம். மலைக்குப் போறதுகளுக்கு ஒரு வழி பண்ணச் சொல்லு. மே மாசம் காத்து வந்திரும், கூடு கலையும்." ஷிராணிக்கு இது ஏழாம் மாதம். இன்னும் ஏழாம் மலைக்குத்தான் போகிறாள். கொழுந்து எடை குறைந்தால் பேர் குறைவு, சம்பளமும் குறைவு என்று கண்டாக்கையா சொன்னாராம்.

நாங்களும் நின்றோம் என்றாய். ஆம், நின்றோம். அப்பா தாளில் எழுதினார், அளந்தவர்தான் சொல்ல வேண்டும் என்று திருப்பிவிட்டார்கள். நான் எழுதினால் கிழித்துப் போடுவார்கள். மாமா அத்தையையே சாவுக்குக் கொடுத்தார், அதையும் அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பங்கை எல்லாரும் கொடுத்துவிட்டோம், ஒன்றும் செல்லவில்லை. செல்லுபடியாகும் கை உன் ஒருவன் கைதான். அது எங்கள் தப்பும் இல்லை, உன் தப்பும் இல்லை. அப்படித்தான் அவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கை உன்னிடம் இருக்கும்போது மே பன்னிரண்டு வரை பையில் வைத்துக்கொண்டிருப்பது உன் தப்பு. முழுக்க உன்னுடையது.

அடுத்த வருஷப் பட்டியல் என்று எழுதாதே. அடுத்த வருஷம் நீ நிரந்தரம் ஆகியிருப்பாய். அப்போது இழக்க இன்னும் அதிகம் இருக்கும். இப்போதே எழுதாதவன் அப்போதா எழுதுவான்?

இந்தக் கடிதத்தை ஜீவராஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளை கொழும்புக்கு வருகிறான். உன் போர்டிங் வாசலில் நின்று கையிலேயே கொடுப்பான். வரவில்லை, கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது. பதிலை அவனிடமே கொடுத்தனுப்பு.

முப்பதாம் திகதிக்கு இன்னும் பத்து நாள். எழுதிக் கொடுக்கிறாயா, இல்லையா? வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அதை மட்டும் சொல்.

ஐவி